கோதுமை ஆகாத பிள்ளைக்கு என்ன கட்டிக்கொடுப்பது?

போடிநாயக்கனூரில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் காலை நான்கு மணிக்கே அடுப்பு எரியும். ஐந்து, ஐந்தரைக்கெல்லாம் தெருமுனையில் ஜீப் வந்து நின்றுவிடும். முந்தல் தாண்டி, 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, போடிமெட்டு வழியாகப் பூப்பாறை, சாந்தன்பாறை பக்கம் போய்ச் சேர வேண்டும். அதற்குள் தனக்கொரு தூக்குவாளி, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கொரு டிபன் பாக்ஸ் இரண்டையும் கட்டியாக வேண்டும். பிள்ளை அந்த டப்பாவைத் திறப்பது மதியம் பன்னிரண்டரைக்கு. ஏழெட்டு மணி நேரம் கெடக்கூடாது, காய்ந்துபோகக்கூடாது, சின்னக் கைக்கு எடுத்துத் தின்னத் தோதாகவும் இருக்க வேண்டும்.

என் தங்கை இதை இருபது நிமிடத்தில் முடித்துக்கொண்டிருந்தவள். இரண்டு சப்பாத்தியில் சர்க்கரை தூவிச் சுருட்டி வைப்பாள், கூடவே ஒரு பொட்டலம் பிஸ்கட். மூன்று வருடத்துக்கு முன்னால் அது நின்றுபோனது. அவள் மகளுக்கு அப்போது நான்கு வயது.

அந்தப் பிள்ளைக்கு வயிறு மட்டும் பானை மாதிரி இருக்கும், கையும் காலும் குச்சி. மாதத்தில் பாதி நாள் வயிற்றுப்போக்கு. வாயில் புண் வந்தால் ஆறாது. பூச்சி மாத்திரை கொடுத்தோம். சீர் தட்டியிருக்கிறது என்றார்கள், மந்திரித்தோம். தொக்கம் எடுக்கவும் கூட்டிப்போனோம். ரத்தம் கம்மி என்று கொடுத்த இரும்புச்சத்து டானிக் பாட்டில் பாட்டிலாகத் தீர்ந்தது, ரத்தம் ஏறவில்லை. பிள்ளை தேறட்டும் என்று தங்கை அங்கன்வாடியில் தந்த சத்துமாவை உருண்டை பிடித்துக் கொடுத்தாள், பாலில் மால்ட் பொடி கரைத்துக் கொடுத்தாள். அந்தச் சத்துமாவில் கோதுமை மாவும் சேர்ந்திருக்கிறது. மால்ட் பொடி பார்லியில் செய்வது. அவளுக்கு எப்படித் தெரியும்?

கடைசியில் மதுரையில் ஒரு குழந்தைகள் மருத்துவர் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினார். பிறகு குழாய் விட்டு குடலில் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். சீலியாக் நோய். "கோதுமை, பார்லி இருக்கிற எதையும் இனி ஆயுசுக்கும் கொடுக்கக்கூடாது" என்றார். மருந்து உண்டா என்று கேட்டோம். சாப்பாடுதான் மருந்து என்றார். பஸ்ஸில் திரும்பும்போது தங்கை ஆண்டிப்பட்டி வரைக்கும் பேசவே இல்லை. அப்புறம் கேட்டாள்: "அப்ப நாளைக்கு டப்பாவுல என்னக்கா வைக்கிறது?"

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

பரோட்டாக் கடையில் மாஸ்டர் மாவை வீசுவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளங்கை அளவு உருண்டை கிழியாமல் துப்பட்டா மாதிரி விரிகிறதே, அந்த இழுவையைத் தருவது குளூட்டன் என்ற புரதம். அரிசி மாவை அப்படி வீசிப் பாருங்கள், உதிர்ந்துவிடும். கோதுமையில் இருக்கிறது, பார்லியில் இருக்கிறது, மேல்நாட்டு ரை தானியத்தில் இருக்கிறது. மைதா, ரவை, சேமியா, கோதுமை ரவை எல்லாம் கோதுமையின் பிள்ளைகள்தான். சிலருடைய உடம்பு இந்தப் புரதத்தைப் பகையாக எடுத்துக்கொண்டு, அதோடு போடும் சண்டையில் தன் சிறுகுடலையே தாக்கிவிடுகிறது. பள்ளிப் பாடத்தில் குடலுறிஞ்சிகள் என்று படித்தோமே, சாப்பாட்டுச் சத்தை உறிஞ்சும் அந்த மெல்லிய விரல்கள் தேய்ந்து மொட்டையாகிவிடும். அதற்குப் பிறகு முட்டை கொடுத்தாலும் டானிக் கொடுத்தாலும் உடம்பில் ஒட்டாது. கோதுமையை முழுதாக நிறுத்தினால் அந்த விரல்கள் மறுபடி வளர்ந்துவிடும் என்பதுதான் பெரிய ஆறுதல். குழந்தைகளுக்கு சீக்கிரமே வளரும்.

இதைக் கண்டுபிடித்த கதையிலும் ஒரு பஞ்சம் இருக்கிறது. நெதர்லாந்தில் வில்லெம் டிக்கே என்ற குழந்தைகள் மருத்துவருக்குக் கோதுமை மேல் முன்பே சந்தேகம் இருந்தது. இரண்டாம் உலகப்போரின் கடைசியில், 1944-45 குளிர்காலத்தில், அந்த நாட்டில் ரொட்டியே கிடைக்காமல் ஜனங்கள் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். ஊரே மெலிந்த அந்த நேரத்தில் இந்த நோய் கண்ட பிள்ளைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் திரும்பி வந்தது. 1950-ல் டிக்கே இதைத் தன் ஆய்வேட்டில் எழுதினார்.

நம் பக்கம் இது அபூர்வம் என்பது உண்மை. வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய மருத்துவர் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் மற்றவர்களும் நாட்டின் மூன்று பகுதிகளில் 23,331 பெரியவர்களைச் சோதித்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். வடக்கே நூற்றுக்கு 1.23 பேரின் ரத்தத்தில் இந்த நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் இருந்தது. தெற்கே 0.10, அதாவது ஆயிரத்துக்கு ஒருவர். ஆனால் இந்த நோய்க்கு இடம் கொடுக்கிற மரபணு, தெற்கில் இருப்பவர்களிடமும் ஏறக்குறைய வடக்கில் இருக்கிற அளவுக்கே இருந்தது. பெரிய வித்தியாசம் சாப்பாட்டில்தான். அங்கே ஒருவர் ஒரு நாளைக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், இங்கே 25 கிராம். நம் பிள்ளைகளின் தட்டில் கோதுமை கூடிக்கொண்டே போகிறது. ஆயிரத்துக்கு ஒருவர் என்ற கணக்கு இப்படியே நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அபூர்வம் என்பதாலேயே கண்டுபிடிக்கவும் தாமதமாகிறது. எங்களுக்கு இரண்டு வருடம் போனது.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு, பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்று நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்திவிட்டுச் சோதனை செய்தால் ரத்தத்தில் நோய் தெரியாமல் போகலாம். முதலில் பரிசோதனை, பிறகுதான் பத்தியம். நோய் இல்லாத பிள்ளைக்கு இந்தப் பத்தியம் தேவையே இல்லை.

கோதுமை எப்போது நம்மூர் டப்பாவில் ஏறியது? என் அம்மா சொல்வது, அவர் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில், கேர் நிறுவனத்தின் பெயரில் வந்த அமெரிக்கத் தானிய உப்புமாவையும் பால் பவுடரையும்தான். வீட்டில் அப்போதும் அரிசிச் சோறு, கேப்பைக் களி, கம்பங்கஞ்சி. சப்பாத்தி என்பது சர்க்கரை நோய்க்காரர் ராத்திரி சாப்பிடுவது. இந்தப் பள்ளத்தாக்கே நெல் விளைகிற பூமி. முல்லைப் பெரியாறு தண்ணீரில் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கரில் இருபோகம் நெல் விளைகிறது. மேலே குரங்கணி, முதுவாக்குடி பக்கம் முதுவர் குடிகளுக்குக் கேழ்வரகுதான் தலைமுறை தலைமுறையாகச் சாப்பாடு. இந்த மண்ணில் கோதுமை ஆகாத பிள்ளை பிறந்தால் அதற்குப் பட்டினி இல்லை. மதுரை சூப்பர் மார்க்கெட்டில் பல மடங்கு விலை போட்டு விற்கிற குளூட்டன் இல்லாத பிஸ்கட்டும் பாஸ்தாவும் வாங்கித்தான் வளர்க்க வேண்டும் என்பதும் இல்லை. தோட்டக்கூலியில் அது முடியவும் முடியாது.

டப்பாவில் என்ன வைப்பது என்பதற்கு வருகிறேன். இந்த மூன்று வருடத்தில் தங்கை வீட்டு அடுப்படியில் எது நின்றது, எது தோற்றது என்று பார்த்துச் சொல்கிறேன்.

முதல் இடம் குட்டி இட்லிக்கு. மதியம் வரைக்கும் மெத்தென்று இருக்கிற பலகாரம் அதைப்போல் வேறில்லை. நல்லெண்ணெயில் குழைத்த பொடியைச் சூட்டோடு தடவி வைத்துவிட்டால் சட்னி வேண்டாம், டப்பாவில் ஒழுகுகிற தொல்லையும் இல்லை. பொடியை வீட்டில் வறுத்து அரைக்க வேண்டும். இட்லி மாவு புளித்த நாளில் குழிப் பணியாரம். சின்ன வெங்காயம், துருவிய கேரட், ஒரு பிடி முருங்கைக்கீரை போட்டால் பிள்ளைக்குத் தெரியாமலே கீரை உள்ளே போய்விடும். வெள்ளிக்கிழமை கருப்பட்டிப் பணியாரம், இரண்டு ஏலக்காய் தட்டிப் போட்டு. ஏலக்காய்க்கு இந்த ஊரில் பஞ்சமா?

அடை எனக்கு ரொம்பப் பிடித்த விடை. அரிசியோடு துவரை, கடலை, உளுந்து மூன்று பருப்பும் ஊறி அரைபடுவதால் புரதம் தானே வந்துவிடுகிறது. கனமாக ஊற்றி, சின்னதாகச் சுட்டு, நான்காக மடித்து வைத்தால் பிள்ளை கையில் பிடித்துத் தின்னும். கோதுமை போனதும் பல வீடுகளில் வெறும் அரிசியாகவே கொடுத்துவிடுகிறார்கள். அது தப்பு. பருப்பு, முட்டை, கீரை, சிறுதானியம் கூடவே போனால்தான் குறைந்த ரத்தமும் எடையும் மீளும்.

கேப்பையை எல்லாரும் சொல்வார்கள், சொல்வதும் சரிதான். 100 கிராம் கேப்பையில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. முளைகட்டி அரைத்தால் அந்தச் சத்து இன்னும் நன்றாக உடம்பில் சேரும். ஆனால் கேப்பை ரொட்டி டப்பாவுக்கு ஆகாது. காலையில் மிருதுவாக இருப்பது மதியம் செருப்புத்தோல் மாதிரி ஆகிவிடும், பிள்ளை அப்படியே திருப்பிக் கொண்டுவரும். கேப்பைப் புட்டு நிற்கும். மாவில் உப்புத் தண்ணீர் தெளித்துப் பிசிறி அவித்து, தேங்காய்ப் பூவும் நாட்டுச் சர்க்கரையும் கலந்து, பக்கத்தில் ஒரு வாழைப்பழம். ஸ்பூன் கொடுத்தால் சிந்தாமல் சாப்பிட்டுவிடும்.

நூடுல்ஸ்தான் பெரிய யுத்தம். பக்கத்துப் பிள்ளை டப்பாவில் அது மணக்கும்போது நம் பிள்ளைக்கு நாக்கு ஊறத்தானே செய்யும்? ஒரு நாள் அழுதுகொண்டே வந்தாள். "பெரியம்மா, எனக்கு மட்டும் ஏன் அது கிடையாது?" அன்றைக்குச் செய்தது இது. அரிசி மாவு இடியாப்பத்தை அவித்து ஆறவிட்டு உதிர்த்து, கேரட், பட்டாணி, ஒரு முட்டை, மிளகுத்தூள் போட்டுத் தாளித்தோம். பார்க்க நூடுல்ஸ், தின்னச் சேவை. ஒரு வாரத்தில் பக்கத்துப் பிள்ளைகள் இவள் டப்பாவில் கை வைக்க ஆரம்பித்தார்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: சோயா சாஸ் ஊற்றாதீர்கள், பெரும்பாலும் அது கோதுமை சேர்த்துச் செய்வது.

தயிர்சாதத்துக்கு ஒரு கைப்பக்குவம். குழைந்த சோற்றில் ஆறின பாலை நிறைய ஊற்றி, ஒரே ஒரு கரண்டி தயிர் கலந்து வையுங்கள். டப்பாவுக்குள்ளேயே உறைந்து, திறக்கும்போது புளிக்காமல் இருக்கும். அரிசிக்குப் பதில் குதிரைவாலியோ சாமையோ வேகவைத்தால் இன்னும் நல்லது. மலையிலிருந்து இறங்குகிற மரவள்ளிக்கிழங்கைத் தோல் சீவி நன்றாக வேகவைத்து, தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டு, தேங்காயும் கறிவேப்பிலையும் போட்டுத் தாளித்தால் ஒரு நேரச் சாப்பாடு. அரிசி நொய்யும் பருப்பும் தேங்காயும் சேர்த்த பிடிகொழுக்கட்டை, எள்ளுருண்டை, பொரி உருண்டை என்று தீனிக்கும் குறைவில்லை. ஐந்து வயதுக்குக் கீழே இருக்கிற பிள்ளைக்கு முழு நிலக்கடலை வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும். பொடித்துக் கொடுங்கள். விசேஷத்துக்குச் சேமியாப் பாயசத்தை விட்டுவிட்டுப் பாசிப்பயற்றுப் பாயசம் வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் இப்போது பெரியவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள்.

இவ்வளவு செய்தும் ஆறு மாதம் கழித்து எடுத்த ரத்தச் சோதனையில் நோயைக் காட்டும் எதிர்ப்பொருளின் அளவு போதுமானபடி இறங்கவில்லை. தங்கை இடிந்துபோய்விட்டாள். "எதுவுமே குடுக்கலையேக்கா, சத்தியமா குடுக்கலை" என்றாள். உணவு ஆலோசகர் அவளைத் திட்டவில்லை. மாவு எங்கே அரைக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார்.

மாவு மில்லுக்குப் போய் நின்று பார்த்தேன். வாசலில் வரிசையாகத் தூக்குகளும் பைகளும். நமக்கு முன்னால் ஒருவர் ரேஷன் கோதுமை ஐந்து கிலோ. அவர் மாவு இறங்கின அதே துணிக்குழாயில், அதே கல்லில், அடுத்து நம் கேப்பை. துணிக்குழாயைக் கையால் தட்டினால் வெள்ளையாகப் புகை மாதிரி கிளம்புகிறது. அது கோதுமை மாவு. "ரெண்டு கைப்பிடி அரிசியப் போட்டு ஓட்டித் தள்ளிட்டு அரைச்சுத் தாரேன் தாயி" என்றார் மில்க்காரர் பிரியமாக. நல்ல மனுஷர். ஆனால் இரண்டு கைப்பிடி அரிசி ஓட்டினால் அந்தக் கல்லும் குழாயும் சுத்தமாகிவிடாது. ஒரு பொருளை குளூட்டன் இல்லாதது என்று விற்க நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கிற வரம்பு, ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம். ஒரு சிட்டிகைக்கும் கீழே. கடைகளில் கிடைக்கிற சிறுதானிய மாவுப் பாக்கெட்டிலும் இதே ஆபத்து உண்டு, ஓட்ஸிலும் உண்டு.

அன்றிலிருந்து தங்கை வீட்டில் எதுவும் மில்லுக்குப் போவதில்லை. தானியத்தை முழுதாக வாங்கி, புடைத்து, கழுவி, ஊறவைத்துக் கிரைண்டரில் அரைக்கிறாள். புட்டு மாவுக்கு மட்டும் ஈர அரிசியும் கேப்பையும் நிழலில் உலர்த்தி மிக்ஸியில். இட்லி, அடை, பணியாரம் எல்லாம் ஈர மாவுப் பலகாரம் என்பது இந்த இடத்தில் எவ்வளவு பெரிய உபகாரம்! தோசைக்கல்லும் தனி. அடுத்த சோதனையில் அளவு இறங்கியது. பிள்ளை ஒரு வருடத்தில் இரண்டு கவுன் சைஸ் தாண்டினாள்.

மில் வைத்திருக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மிளகாய்க்குத் தனி மெஷின் வைத்திருக்கிறீர்கள். காரம் அரிசி மாவில் சேர்ந்துவிடக் கூடாது என்று எங்கள் பாட்டிமார் சண்டை போட்டு வாங்கிய ஏற்பாடு அது. அதுபோலக் கோதுமை தொடாத ஒரு மெஷின் ஊருக்கு ஒன்று இருந்தால் என்ன? சிறுதானியம் கேட்டு வருகிறவர்கள் இன்று ஏராளம், நஷ்டம் வராது.

இன்னொரு இடம் பெருங்காய டப்பா. பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டிய எழுத்தில், கோந்து, கோதுமை மாவு என்று இருக்கும். கூட்டுப் பெருங்காயம் என்றாலே ஏதோ ஒரு மாவு கலந்ததுதான். ஒரு சிட்டிகையில் சேர்கிற அளவு சின்னதுதான், ஆனால் சாம்பார், ரசம், பொடி என்று தினமும் சேர்கிறது. அரிசி மாவு கலந்ததாகப் பார்த்து வாங்கலாம், இல்லையென்றால் பூண்டும் சீரகமும் போதும். அப்பளம், கடையில் வாங்கும் இடியாப்ப மாவு, ஹோட்டலில் பரோட்டாவும் தோசையும் ஒரே கல்லில் சுடுவது, மைதாவில் தோய்த்த பழம்பொரி பொரிந்த எண்ணெய் இவை எல்லாவற்றையும் சந்தேகப்பட வேண்டும். மலையில் லயத்துக்கடைகளிலும் டீக்கடைகளிலும் பிள்ளைக்கு என்று கிடைப்பது பன், வறுக்கி, பிஸ்கட், பரோட்டா. அம்மாவோடு தோட்டத்துக்குப் போகிற பிள்ளைக்கு வீட்டிலிருந்தே ஒரு டப்பா தீனி போக வேண்டும், வேறு வழியில்லை.

இனி பள்ளிக்கூடம். காமராஜர் 1956-ல் தொடங்கி, எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவாக விரித்த மதியச் சாப்பாடு அரிசிச் சோறும் முட்டையும். பெருங்காயத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் எங்கள் பிள்ளை அதை மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடலாம், சில நாள் சாப்பிடவும் செய்கிறாள். இதற்காக இந்த மாநிலத்தை நான் மனசாரக் கும்பிடுகிறேன். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த காலை உணவுத் திட்டமும் அருமையான திட்டம்தான். ஐந்து மணிக்கே ஜீப் ஏறுகிற தாய்மாருக்கு அது எவ்வளவு பெரிய ஒத்தாசை என்பதை எங்கள் தெருவில் வந்து கேளுங்கள். ஆனால் அதன் பட்டியலில் ரவை, சேமியா, கோதுமை ரவை அடிக்கடி வருகின்றன. அந்த நாட்களில் எங்கள் பிள்ளை தட்டில்லாமல் உட்கார்ந்திருக்கிறாள். டீச்சர் அவளைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்கிறார், வீட்டிலிருந்து போன இட்லியைத் தின்கிறாள். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது போதுமா?

அதே பட்டியலில் அரிசி உப்புமா இருக்கிறது, பொங்கல் இருக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டாம். மருத்துவச் சான்று கொடுத்த பிள்ளைக்கு ரவை சமைக்கிற நாளில் தனிச் சட்டியில், தனிக் கரண்டியில் ஒரு கை அரிசி உப்புமா கிண்டிக் கொடுக்கலாம் என்று அரசு ஓர் உத்தரவு போட்டால் போதும். அங்கன்வாடியிலும் இப்படிப்பட்ட பிள்ளைக்குக் கோதுமைச் சத்துமாவுக்குப் பதிலாகக் கோதுமை படாமல் அரைத்த கேப்பை மாவு கொடுக்க வழி செய்ய வேண்டும். கணக்குப்படி மிகக் கொஞ்சம் பிள்ளைகள்தான். ஆகிற செலவும் அவ்வளவுதான். சம்பந்தப்பட்ட அதிகாரிகள் இதை ஒரு தாயின் மனுவாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.